வெள்ளைக் கோபுரத்து ஊரும் அதன் காவல்காரர்களும்

கோலாப்பூரில் மகாவீர் தோட்டம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. காகித வியாபார நிமித்தமாக அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம், பெயருக்காகவே அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். அங்கே 1998-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒரு நினைவுத் தூண் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வீடிழந்து வந்த போலந்து நாட்டு மக்களுக்கு அடைக்கலம் தந்த கோலாப்பூருக்கு, அவர்கள் செலுத்திய நன்றிக் கடன் அது. 1943 முதல் 1948 வரை கோலாப்பூரை அடுத்த வலிவடே முகாமில் சுமார் 5,000 போலந்துக்காரர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், வாழ்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1940 பிப்ரவரியில், கடுங்குளிரில், போலந்தின் கிழக்குப் பகுதியிலிருந்து சோவியத் அரசு கூட்டம் கூட்டமாக மக்களைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. அந்த முதல் நாடு கடத்தலில் இரண்டு வகைக் குடும்பங்களைக் குறிவைத்துப் பிடித்தார்கள். ஒன்று, நிலம் பெற்றுக் குடியேறியிருந்த முன்னாள் போர்வீரர் குடும்பங்கள். மற்றொன்று, வனக்காவலர் குடும்பங்கள். நாடு கடத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் பிறகு விடுவிக்கப்பட்டு, பாரசீகம் வழியாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

போர்வீரனைப் பிடித்ததற்கு அரசியல் காரணம் புரிகிறது. காடு காப்பவன் என்ன பாவம் செய்தான்? இந்தக் கேள்விதான் என்னை பியாவோவியேஷா என்னும் சிற்றூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் அந்த ஊருக்குப் போனவனல்ல. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஊரும் பெயரும்

போலந்து மொழியில் 'பியாவா' என்றால் வெள்ளை. 'வியேஷா' என்றால் கோபுரம். வெள்ளைக் கோபுரத்து ஊர் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். முற்காலத்தில் இந்தக் காட்டில் இருந்த ஓர் அரச வேட்டை மாளிகையின் வெண்ணிறக் கோபுரத்தால் வந்த பெயர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

போலந்தின் கிழக்கு ஓரத்தில், பெலாரஸ் நாட்டு எல்லையை ஒட்டினாற்போல், ஒரு பெருங்காட்டின் நடுவே வட்டமாக வெட்டவெளி ஒன்று இருக்கிறது. அந்த வெட்டவெளிதான் ஊர். நரேவ்கா என்ற சிற்றாறு ஊடே ஓடுகிறது. மக்கள்தொகை சுமார் இரண்டாயிரம். மர வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், புல்வெளி. கத்தோலிக்கர், கிழக்கத்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்று இரு பிரிவினரும் வாழ்கிறார்கள். 1895-இல் கட்டி முடித்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில், பீடத்திற்கு முன்னுள்ள திருவுருவத் தடுப்பு முழுவதும் பீங்கானால் ஆனது. இன்று ஊரில் நிற்கும் மிகப் பழைய கட்டடம் 1845-இல் மரத்தால் கட்டிய ஆளுநர் மாளிகை. நம் கோயில் ஊர்களோடு ஒப்பிட்டால் இது நேற்றுக் கட்டிய வீடு! ஆனால் இந்த ஊரின் பழமை கட்டடத்தில் இல்லை, சுற்றியிருக்கும் காட்டில் இருக்கிறது.

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் வட சமவெளி முழுவதும் இப்படித்தான் காடாக இருந்தது. உழவுக்கும் விறகுக்கும் கப்பல் கட்டவும் வெட்டி வெட்டி எல்லாம் தீர்ந்து போச்சு. தாழ்நிலத்தில் இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு பழமை கெடாமலும் எஞ்சியது பியாவோவியேஷா காடுதான். இதன் மொத்தப் பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு போலந்திலும், மீதி பெலாரஸிலும் இருக்கின்றன. மற்றதெல்லாம் அழிந்தபோது இது மட்டும் தப்பியது எப்படி என்பதே நாம் பார்க்க வேண்டிய வரலாறு.

அரசர்களின் வேட்டைக் காடு

சமணனாகிய எனக்கு இதன் பதில் முதலில் கசக்கத்தான் செய்தது. காடு தப்பியதற்குக் காரணம் கருணை அல்ல; வேட்டை ஆசை.

லித்துவேனியாவின் இளவரசராக இருந்து போலந்துக்கும் அரசரான யகியேவோ, 1409-இல் இந்தக் காட்டில் எட்டு நாள் பெரு வேட்டை நடத்தினார். அடுத்த ஆண்டு டியூட்டானிக் வீரர்களோடு நடக்கவிருந்த போருக்காக, இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து ஆற்று வழியே அனுப்பி வைத்தார். 1410-இல் குருன்வால்ட் போரில் அவர் பெற்ற வெற்றி அந்நாட்டு வரலாற்றில் மிகப் பெரியது. அந்தப் படைக்குச் சோறு போட்டதில் இந்தக் காட்டு விலங்குகளுக்கும் பங்குண்டு.

இங்கே வாழும் விலங்குகளுக்கெல்லாம் தலையாயது ஐரோப்பியக் காட்டெருது. பைசன் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். போலந்து மொழியில் 'ஜூப்ர்'. முதிர்ந்த காளை எண்ணூறு கிலோவையும் தாண்டும். தோளில் திமில், பழுப்பு நிறம், தாடி. புல், இலை, மரப்பட்டை இவைதாம் ஆகாரம். இவ்வளவு பெரிய உடம்பு, ஆனாலும் சைவம்!

இந்தக் காட்டெருதை அரசர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. 1538-இல் முதலாம் சிகிஸ்மண்ட் மன்னர், திருட்டுத்தனமாகக் காட்டெருதைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டார். அப்படியென்றால் சட்டத்தின் கடுமைதான் காட்டைக் காத்ததா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பின்னால் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

காட்டைச் சுற்றியிருந்த குடியானவர்களைக் காவலராக வைத்திருந்தார்கள். 1639-இல் நான்காம் விளாதிஸ்லாவ் மன்னர் ஒரு காரியம் செய்தார். காட்டுக்குள் வாழ்ந்த குடியானவர்கள் அனைவரையும் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தார். வரியும் கிடையாது. பதிலுக்கு அவர்கள் காட்டைக் காக்க வேண்டும், விலங்குகளைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். காடு பன்னிரண்டு காவல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. எல்லாப் பகுதிகளின் கூர்முனையும் நடுவில் இருந்த பியாவோவியேஷாவில் வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சில உரிமைகள் இருந்தன. குறிப்பிட்ட இடத்தில் வைக்கோற்புல் அறுக்கலாம், ஆற்றில் மீன் பிடிக்கலாம், உயிருள்ள மரத்தில் பொந்து குடைந்து தேனீ வளர்க்கலாம். (மீனும் தேனும் எங்களுக்கு விலக்கு. ஆனால் கட்டுரையாளன் தன் விரதத்தை வாசகர் தலையில் சுமத்தக் கூடாதல்லவா!)

அக்கம்பக்கத்தில் குடியானவன் பண்ணை அடிமையாகக் கிடந்த காலத்தில், காடு காப்பவன் சுதந்திர மனிதன். அப்பனுக்குப் பின் பிள்ளை, பிள்ளைக்குப் பின் பேரன். காடு இருந்தால்தான் தன் விடுதலை இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அரசனுக்குக் காடு பொழுதுபோக்கு. காவல்காரனுக்கு அதுவே மானம், வாழ்வு.

அரசர்கள் கொன்றதும் கொஞ்சநஞ்சமல்ல. 1752 செப்டம்பர் 27 அன்று மூன்றாம் அகஸ்டஸ் மன்னர் குடும்பத்தோடு வந்து வேட்டையாடினார். வேட்டை என்றா சொல்வது? அடைப்புக்குள் விலங்குகளைத் துரத்திக்கொண்டுவர, மேடையில் உட்கார்ந்தபடி சுட்டார்கள். ஒரே நாளில் 42 காட்டெருதுகள், 13 எல்க் மான்கள், 2 சிறுமான்கள். இந்தக் கணக்கைப் போலிஷ் மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் கல்லில் செதுக்கித் தூணாக நிறுத்தினார்கள். அது இன்றும் ஊர்ப் பூங்காவில் நிற்கிறது. ஊரின் மிகப் பழைய நினைவுச்சின்னம் அதுதான். நாம் தானத்தைக் கல்வெட்டில் வெட்டி வைத்தோம். அவர்கள் கொலையை வெட்டி வைத்தார்கள்.

காவல் போனது, காடும் போனது

1795-இல் போலந்து நாடே மூன்று வல்லரசுகளால் கூறு போடப்பட்டு மறைந்தது. இந்தப் பகுதி ரஷ்யாவுக்குப் போனது. ஜார் பால் மன்னர் என்ன செய்தார்? சுதந்திரமாக இருந்த காவல் குடும்பங்களை மறுபடியும் அடிமைகளாக்கி, அவர்கள் வாழ்ந்த காட்டுத் துண்டோடு சேர்த்துத் தம் தளபதிகளுக்கும் பிரபுக்களுக்கும் இனாமாகக் கொடுத்துவிட்டார். மாட்டோடு தொழுவத்தை எழுதிக் கொடுப்பது போல.

விளைவு என்ன? பதினைந்தே ஆண்டுகளில் 500-க்கும் மேலிருந்த காட்டெருதுகள் 200-க்கும் கீழே இறங்கின. பிறகு வந்த ஜார் அலெக்சாந்தர் காவலை ஓரளவு மீட்டார். 1830-களில் எண்ணிக்கை சுமார் 700 ஆக உயர்ந்தது. 1830-31-இல் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்தில் கிளர்ச்சி வெடித்தபோது வனக்காவலர்கள் ஏறக்குறைய அனைவரும் அதில் சேர்ந்தார்கள். கிளர்ச்சி அடங்கியதும் அவர்கள் பதவிகளே ஒழிக்கப்பட்டன. காவல் மறுபடி குலைந்தது.

1860-இல் இரண்டாம் அலெக்சாந்தர் வேட்டைக்கு வந்தார். காட்டெருதைப் பெருக்க வேண்டும் என்று, ஓநாய், கரடி, லிங்ஸ் பூனை எல்லாவற்றையும் கொல்ல உத்தரவிட்டார். ஓநாயும் லிங்ஸும் எப்படியோ பிழைத்துத் திரும்பின. ஆனால் காட்டுக் கரடி இனம் அந்த நூற்றாண்டோடு அங்கே அற்றுப்போனது. வேட்டைக்காக மான்களைப் பெருக்கினார்கள். கொன்று தின்ன ஆளில்லாத மான் கூட்டம் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்ததால் புது மரம் எழும்பவில்லை. ஒன்றைக் காக்கிறேன் என்று ஒன்பதைக் கெடுத்த கதை. 1889 முதல் 1894 வரை ஜார் குடும்பத்துக்காக ஊர் நடுவே பெரிய அரண்மனை எழும்பியது. 1897-இல் ரயிலும் வந்தது.

1915-இல் முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை வந்து காட்டைக் கைப்பற்றியது. மர அறுவை ஆலைகள், காட்டுக்குள் குறுகிய இருப்புப் பாதைகள், இரவும் பகலும் வெட்டு. சுமார் 600 காட்டெருதுகள் இறைச்சிக்கும் கொம்புக்கும் கொல்லப்பட்டன. படைகள் மாறி மாறி வந்துபோன குழப்பத்தில், எஞ்சியவற்றைத் திருட்டு வேட்டைக்காரர்கள் முடித்தார்கள். 1919-இல் போலந்துக் காட்டின் கடைசிக் காட்டெருது செத்தது. அரசர்கள் ஐந்நூறு ஆண்டு வேட்டையாடியும் அழியாத இனம், காவலில்லாத நான்கே ஆண்டுகளில் அழிந்தது. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பேரேட்டில் பிழைத்த உயிர்

1927-இல் காக்கசஸ் மலையில் எஞ்சியிருந்த மற்றொரு வகைக் காட்டெருதும் முடிந்தது. அதோடு உலகில் காட்டில் வாழும் ஐரோப்பியக் காட்டெருது ஒன்றுகூட இல்லை. இருந்தவை மிருகக்காட்சிச் சாலைகளிலும் தனியார் பண்ணைகளிலும் அடைபட்டவை மட்டுமே. 1920-களில் அவற்றைக் கணக்கெடுத்தபோது தேறியவை 54.

1923-இல் பாரிஸில் நடந்த இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில், யான் ஸ்டோல்ட்ஸ்மன் என்ற போலந்து விலங்கியலறிஞர் எழுந்து, நாடுகள் எல்லாம் சேர்ந்து இந்த இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். அதே ஆண்டு அதற்கென ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது. போர் முடிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. நேற்று வரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் ஒரு மாட்டுக்காக ஒன்றாக உட்கார்ந்தார்கள்!

1929-இல் வெளிநாடுகளிலிருந்து வாங்கிய ஒரு சில விலங்குகளோடு பியாவோவியேஷாவில் வேலி போட்டு வளர்ப்பைத் தொடங்கினார்கள். இங்கேதான் வியாபாரியான எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. 1932-இல் காட்டெருதுகளுக்கென ஒரு வம்சாவளிப் பேரேடு வெளியிட்டார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் எண், பெயர், தாய், தந்தை, பிறந்த இடம், யாரிடம் இருக்கிறது என்று எல்லாம் பதிவு. காட்டு விலங்கு ஒன்றுக்கு இப்படிப் பேரேடு எழுதியது உலகிலேயே அதுதான் முதல் முறை. பெயர் வைப்பதிலும் ஓர் ஒழுங்கு: போலந்தில் பிறந்த தூய தாழ்நில வகைக் கன்றுகளின் பெயர் 'போ' என்று தொடங்கும்; தெற்கே ப்ஷ்சினா என்ற ஊரின் மந்தையில் பிறந்தவற்றின் பெயர் 'ப்ல்' என்று தொடங்கும். பெயரைக் கேட்டாலே பூர்வீகம் தெரிந்துவிடும், நம் இனிஷியல் மாதிரி.

முதல் போட்டவன் எவ்வளவு போட்டான் என்று கணக்கு பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. இன்றைய உலகின் ஐரோப்பியக் காட்டெருதுகள் அத்தனையும் பன்னிரண்டே பன்னிரண்டு மூதாதையரின் வழிவந்தவை. பியாவோவியேஷாவின் தாழ்நில வகைக்கோ மூதாதையர் ஏழே பேர். இந்த ஏழிலிருந்து ஒரு மந்தையை எழுப்பினார்கள். 1939-இல் அங்கே 16 விலங்குகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரையும் தாண்டி, 1952-இல் முதன்முதலாக வேலியைத் திறந்து காட்டுக்குள் விட்டார்கள். 33 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் அந்தக் காட்டில் சுதந்திரமாக ஒரு காட்டெருதின் குளம்படி பட்டது. 2003-இல் உலகெங்கும் காட்டில் வாழ்ந்தவை சுமார் 1,800. 2019-இல் 6,200-க்கும் மேல். 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்து அறிவித்தது.

ஆனால் மூதாதையர் குறைவு என்ற கடன் இன்னும் தீரவில்லை. நெருங்கிய உறவில் பெருகியதால் நோய் எதிர்ப்பு குறைவு. காளைகளுக்கு வரும் ஒருவகைப் புண் நோய் 1980-களிலிருந்து தொல்லை தருகிறது. நோயுற்றவற்றை அரசு அனுமதியோடு சுட்டுவிடுகிறார்கள். பனிக்காலத்தில் வைக்கோல் போடுகிறார்கள். காட்டோர விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்து புல்வெளியை மேயவிடுகிறார்கள். அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட உயிருக்கு மனிதனின் தயவு இல்லாமல் தீராது. ஒரு முறை முதலை அழித்துவிட்டால், வட்டியை எத்தனை தலைமுறை கட்டுவது!

செத்த மரத்தின் வாழ்வு

1921-இல் காட்டின் ஒரு பகுதி காப்புக்காடாகி, 1932-இல் தேசியப் பூங்காவானது. 1996-இல் இருமடங்காக விரிந்து இன்று சுமார் 105 சதுர கிலோமீட்டர். ஊரையொட்டி வடக்கே இருக்கும் பழைய பகுதியில் வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அங்கே மரம் வெட்டக் கூடாது. விழுந்த மரத்தையும் எடுக்கக் கூடாது. கிடந்த இடத்தில் கிடந்து மக்க வேண்டும்.

ஓக், லிண்டன், ஹார்ன்பீம், ஆஷ், ஆல்டர், மேப்பிள் என்று இலையுதிர் மரங்களும், ஸ்புரூஸ், பைன் என்று ஊசியிலை மரங்களும் கலந்த காடு இது. ஸ்புரூஸ் 50 மீட்டர் வரை உயரும். மே மாதம் இலை மூடுவதற்கு முன் தரையெல்லாம் வெள்ளை அனிமோன் பூ விரியும். யுனெஸ்கோ பட்டியல்படி 59 வகைப் பாலூட்டிகள், 250-க்கும் மேற்பட்ட பறவையினங்கள், 12,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பில்லாச் சிற்றுயிர்கள் இங்கே வாழ்கின்றன. 1979-இல் போலந்துப் பகுதியும் 1992-இல் பெலாரஸ் பகுதியும் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டன.

காகிதக்காரனாகிய எனக்கு மரம் என்றால் டன் கணக்கு. செத்த மரம் வீண் மரம். ஆனால் இந்தக் காட்டைப் படித்தபோதுதான் செத்த மரத்துக்கும் ஒரு வாழ்வு உண்டு என்று தெரிந்தது. நின்றபடி பட்டுப்போன ஸ்புரூஸில் முதலில் வண்டு புழு வைக்கும். அதைத் தேடி மூவிரல் மரங்கொத்தி வரும். அது குடைந்துவிட்டுப் போன பொந்தில் சிட்டும் ஆந்தையும் குடியேறும். மரம் விழுந்தபின் காளான் பிடிக்கும், பாசி படரும். அந்த ஈரத்தில் விதை முளைத்து, பழைய மரத்தின் முதுகிலேயே புது மரம் வரிசையாக எழும். வேறிடங்களில் விறகுக்குப் போய்விடும் மரம், இங்கே பல பத்தாண்டுகள் ஆயிரமாயிரம் உயிருக்கு அன்னசத்திரம்.

யகியேவோ ஓக் என்று ஒரு பெருமரம் இருந்தது. 1410 போருக்கு முன் அரசர் அதன் நிழலில் இளைப்பாறினார் என்பது ஊர்க்கதை. 1974-இல் புயலில் அது சாய்ந்தது. வயதைக் கணக்கிட்டால் சுமார் 450 வருஷம்தான். அதாவது அரசர் செத்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் முளைத்த மரம்! கதை பொய்யானாலும் மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பாசி போர்த்திய அந்தக் கட்டையைப் பார்க்க இன்றும் ஜனங்கள் போகிறார்கள்.

இந்தச் சிற்றூரில் 1952 முதல் ஒரு பாலூட்டி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதை நிறுவிய ஆகுஸ்ட் டேனல், இங்கே பிடித்த மூஞ்சூறுகளை அளந்து ஓர் அதிசயத்தை 1949-இல் வெளியிட்டார். குளிர்காலத்தில் அந்தச் சிறு பிராணியின் மண்டையோடும் மூளையும் சுருங்குகின்றன. வசந்தத்தில் மறுபடி வளர்கின்றன. ஆகாரம் குறைந்த காலத்தில் செலவைக் குறைத்துக்கொள்ளும் வழி. இன்றைக்கும் அறிவியலில் அதற்கு 'டேனல் விளைவு' என்றே பெயர்.

சிமோனா கொசாக் என்ற அம்மையாரையும் சொல்லியாக வேண்டும். பெயர்பெற்ற ஓவியர் குடும்பத்தில் 1943-இல் பிறந்தவர். உயிரியல் படித்துவிட்டு, காட்டுக்குள் மின்சாரமில்லாத ஒரு பழைய வனக்காவலர் வீட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். காட்டுப்பன்றியும் காகமும் அவர் வீட்டுப் பிள்ளைகள். தண்டவாளத்தில் விலங்குகள் அடிபட்டுச் சாகாமல் இருக்க, ரயில் வருமுன் காட்டு உயிர்களின் எச்சரிக்கைக் குரல்களையே ஒலிபரப்பும் கருவியை உருவாக்குவதில் பங்கேற்றார். 2007-இல் காலமானார். சமணம் அறியாதவர், ஆனால் அந்தக் கருவியைப் பற்றிப் படித்தபோது, மயிற்பீலியால் வழியிலுள்ள எறும்பை ஒதுக்கிவிட்டு நடக்கும் எங்கள் முனிவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கோடாரியும் வேலியும்

மனிதர் கதை இவ்வளவு இதமானதல்ல. 1939-இல் சோவியத் படை வந்தது. நான் முதலில் சொன்ன நாடு கடத்தல் நடந்தது. காவலர் அரசுச் சீருடை அணிந்தவர், காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர், ஊரார் மதிப்பைப் பெற்றவர். புதிதாக வந்த ஆட்சிக்கு அதுவே குற்றமாகப்பட்டது. 1941-இல் ஜெர்மானியர் வந்தார்கள். நாஜித் தலைவர் கோரிங் இதைத் தன் வேட்டைக்காடாக்கத் திட்டமிட்டான். காட்டெருதுக்குப் பாதுகாப்பு; மனிதனுக்கு இல்லை. காட்டோரக் கிராமங்கள் எரிக்கப்பட்டன. ஊரில் வாழ்ந்த யூதர்கள் அழிக்கப்பட்டார்கள். 1944-இல் பின்வாங்கியபோது ஜார் அரண்மனைக்கும் தீ வைத்தார்கள். இன்று அதன் நுழைவாயில்தான் மிச்சம். விலங்கின் மேல் மட்டும் காட்டும் பரிவு அகிம்சை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போருக்குப் பின் காட்டை ஊடறுத்து நாட்டு எல்லை விழுந்தது. 1981-இல் சோவியத் தரப்பு வேலி போட்டது. இரு பக்கக் காட்டெருதுகளும் பிரிந்தன. 2021-இல் பெலாரஸ் வழியாக ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தான் நாட்டு அகதிகள் இந்தக் காட்டைக் கடந்து வரத் தொடங்கினார்கள். குளிரிலும் சதுப்பிலும் சிலர் உயிர்விட்டார்கள். 2022-இல் போலந்து ஐந்தரை மீட்டர் உயரத்தில் 186 கிலோமீட்டருக்கு இரும்புச் சுவர் எழுப்பியது. அப்போது அப்பகுதியில் சில வீட்டார், இங்கே உணவும் உதவியும் கிடைக்கும் என்பதற்கு அடையாளமாகச் சன்னலில் பச்சை விளக்கு ஏற்றி வைத்தார்கள். பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு அந்த விளக்கின் அருமை தெரியும்.

இடையில் கோடாரியும் வந்தது. 2016-இல், பட்டை வண்டு ஸ்புரூஸ் மரங்களை அழிக்கிறது, பட்ட மரங்களை அகற்ற வேண்டும் என்று அரசு வெட்டும் அளவை மூன்று மடங்காக்கியது. வண்டும் காட்டின் பகுதிதான், விட்டுவிடுங்கள் என்றார்கள் அறிவியலார். இளைஞர்கள் வெட்டு இயந்திரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் போய், நிறுத்தாவிட்டால் நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு லட்சம் யூரோ அபராதம் என்று 2017 நவம்பரில் எச்சரிக்கை வந்தது; 2018 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பும் அரசுக்கு எதிராக வந்தது.

இந்த வழக்கில் நான் கவனித்தது வேறு. உள்ளூர்க்காரர் பலர் வெட்டும் பக்கம்தான் நின்றார்கள். காட்டு வேலை அவர்கள் பிழைப்பு, விறகு அவர்கள் குளிர்காலம். தேசியப் பூங்காவைக் காடு முழுவதும் விரிக்கலாம் என்ற யோசனையை உள்ளூராட்சிகள் திரும்பத் திரும்ப மறுத்திருக்கின்றன. காட்டைக் காத்த குடிகளின் ஊர், காப்பு என்ற சொல்லையே சந்தேகத்தோடு பார்க்கிறது. நகரத்தார் வந்து காட்டைக் கொண்டாடுகிறார்கள், எங்களை யார் கேட்டார்கள் என்பது அவர்கள் குறை. அந்தக் குறையில் நியாயம் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடிவாக

இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்கள் பதினைந்து என்று சமண நூல்களில் ஒரு பட்டியல் உண்டு. காட்டை வெட்டி விற்பதும், கரி சுட்டு விற்பதும் அதில் அடக்கம். கோடாரி பிடிக்கவில்லை என்பதால் நான் தப்பித்தேன் என்று முப்பத்தைந்து ஆண்டு காகிதம் விற்றபோது எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ரீமுக்குப் பின்னாலும் ஒரு மரம் நிற்பதை இந்த ஊரின் வரலாறுதான் எனக்குக் காட்டியது. இந்தக் கட்டுரையும் காகிதத்தில்தானே அச்சாகிறது! ஆகவே பிறருக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கில்லை. கண்ட கணக்கை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

மரண தண்டனைச் சட்டம் காட்டைக் காக்கவில்லை. 1639-இல் கொடுத்த விடுதலை காத்தது. 1795-க்குப் பின் காவலனை அடிமையாக்கினார்கள், காடு சரிந்தது. 1831-இல் அவனை நீக்கினார்கள், மறுபடி சரிந்தது. 1915-இல் காவலே இல்லை, இனமே அழிந்தது. பன்னிரண்டு உயிரை வைத்துப் பேரேடு எழுதி, இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தபோது, போனது திரும்பியது. காட்டின் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு மரியாதையும் வாழ்வும் கொடுத்தால் காடு நிற்கும். அதைப் பறித்தால் வேலியும் நிற்காது, சட்டமும் நிற்காது. ஐந்நூறு ஆண்டுக் கணக்கில் நான் கண்ட நிகர இருப்பு இதுதான்.

அன்பர்கள் யாரேனும் கோலாப்பூர் பக்கம் போனால், மகாலட்சுமி தரிசனம் முடித்துக்கொண்டு அப்படியே மகாவீர் தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்தத் தூணருகே சற்று நில்லுங்கள். காடு காத்ததற்காக வீடிழந்த குடும்பங்களுக்கு நம் நாட்டு மண் ஐந்து வருஷம் நிழல் கொடுத்திருக்கிறது. அதற்காகவாவது அவர்கள் காட்டின் கதையை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.